உடைக்குள் இருப்பவர்



கோவிட் காலத்தில் பிபிஇ கிட் என்ற பாதுகாப்பு உடையைப் போட்டுக்கொண்டு வேலை பார்த்தவர்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று என்னைக் கேட்டார்கள். அவர்களுடைய தியாகத்தைப் பற்றியும் துணிவைப் பற்றியும் நிறையப் பேர் பேசிவிட்டார்கள். அதனால் நான் வியர்வை, தலைவலி, மூத்திரம் இவற்றைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். மேடையில் சொல்லக் கூசும் சங்கதிகள்தான். ஆனால் நான் மயக்க மருத்துவன். எங்கள் தொழிலில் கூச்சம் முதல் வருடத்தோடு போய்விடும்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். இந்த உடையால் பலன் உண்டா? உண்டு. 2020 தொடக்கத்தில் சீனாவின் குவாங்சோ நகரத்திலிருந்து வூஹானுக்கு உதவிக்குப் போன 420 பேரை ஓர் ஆய்வு பின்தொடர்ந்தது. 116 டாக்டர்கள், 304 நர்ஸ்கள். ஆறு முதல் எட்டு வாரம் அங்கே இருந்தார்கள். தொண்டையில் குழாய் போடுவது, சளி உறிஞ்சி எடுப்பது என்று தொற்று வர எல்லா வாய்ப்பும் உள்ள வேலைகளைப் பார்த்தார்கள். முடிவில் ஒருவருக்குக்கூடத் தொற்று இல்லை. பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஆய்வு இது. உடை அணியத் தேவையில்லை என்று யாராவது உங்களிடம் வாதாடினால் இதைச் சொல்லுங்கள். கூடவே இன்னொரு கணக்கையும் சொல்லுங்கள்: 2020 ஜனவரி முதல் 2021 மே வரை உலகமெங்கும் சுமார் 1,15,000 சுகாதாரப் பணியாளர்கள் கோவிட்டால் இறந்திருக்கக்கூடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

ஆனால் குவாங்சோ ஆய்வைக் காட்டிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் ஒரு வரி அதே கட்டுரையில் இருக்கிறது. அந்த 420 பேருக்கும் உடையைப் போடவும் கழற்றவும் பயிற்சி கொடுத்திருந்தார்கள். ஒரு ஷிப்ட் என்பது நான்கு முதல் ஆறு மணி நேரம். உடை, பயிற்சி, நேரம் மூன்றும் சேர்ந்துதான் அந்தப் பூஜ்யம் வந்தது. நாம் உடையை மட்டும் வாங்கினோம். மற்ற இரண்டும் கடையில் கிடைப்பதில்லை.

இந்த உடையில் ஒரு பகுதியான மாஸ்க்கின் கதையைப் பினாங்கில் தொடங்கலாம். அங்கே பிறந்து கேம்பிரிட்ஜில் படித்த டாக்டர் வூ லியன் தே, 1910 கடைசியில், மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியபோது ஹார்பினுக்கு அனுப்பப்பட்டார். எலியும் தெள்ளுப்பூச்சியும்தான் பிளேக்கைப் பரப்பும் என்று எல்லோரும் நம்பியிருந்த நேரத்தில், இது மூச்சுக்காற்று வழியாக ஆளிடமிருந்து ஆளுக்குப் போகிறது என்றார் அவர். வலைத்துணிக்கு நடுவே பஞ்சை வைத்து மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டச் சொன்னார். மெனி என்ற அனுபவமுள்ள பிரெஞ்சு மருத்துவர் இதை ஏற்கவில்லை. வெறும் முகத்தோடு நோயாளிகளைப் பார்த்தார். 1911 ஜனவரியில் அதே நோயில் இறந்தார். அதன் பிறகு ஹார்பினில் மாஸ்க் இல்லாத முகத்தைப் பார்ப்பது அரிதாயிற்று. 60,000 பேர் வரை பலிகொண்ட அந்தக் கொள்ளைநோய் சில மாதங்களில் அடங்கியது. துணியும் பஞ்சும் எங்கும் கிடைக்கும், விலையும் மலிவு. அந்த எளிமையிலிருந்து நாம் வெகுதூரம் வந்துவிட்டோம்.

இப்போது வியர்வைக்கு வருகிறேன்.

மனித உடம்பு தன்னைக் குளிர்விக்க வைத்திருக்கும் பெரிய வழி வியர்வை. வியர்த்தால் போதாது, அது ஆவியாகவும் வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். நாம் போட்டுக்கொண்ட முழு அங்கி, பிளாஸ்டிக் படலம் ஒட்டிய நெய்யாத துணி. ரத்தம் உள்ளே வரக்கூடாது என்பதற்காக அப்படிச் செய்தது. ரத்தம் உள்ளே வராது, ஆவியும் வெளியே போகாது. வியர்வை உருண்டு வழிந்து கையுறையிலும் ஷூ கவரிலும் போய்த் தேங்கும். வெப்பம் உடம்பிலேயே தங்கிவிடும். வெயிலில் வேலை செய்பவர்களுக்கான பாதுகாப்புக் கணக்கில் சூடு, ஈரப்பதம், வெயில் மூன்றையும் சேர்த்து ஒரு வெப்பக் குறியீடு பார்ப்பார்கள். நீராவி புகாத முழு அங்கி அணிந்தவருக்கு அந்தக் குறியீட்டோடு 11 டிகிரியைக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்கிறது அமெரிக்கத் தொழில் சுகாதார வல்லுநர்களின் வழிகாட்டி. பதினொரு டிகிரி! மே மாதத்துச் சென்னையை நினைத்துக்கொள்ளுங்கள். கத்திரி வெயில். காற்று ஒரு வார்டிலிருந்து இன்னொரு வார்டுக்குச் சுற்றுமோ என்ற பயத்தில் பல மருத்துவமனைகளில் மைய ஏசியை நிறுத்திவைத்திருந்தார்கள். ஜன்னலைத் திறந்துவைத்து மின்விசிறியைப் போட்டுக்கொண்டு, அதற்குள் இந்த உடை.

ஷிப்ட் முடிந்து ஒரு சிஸ்டர் கையுறையைக் கழற்றுவதைப் பார்த்திருக்கிறேன். மணிக்கட்டை வளைத்தவுடன் உள்ளேயிருந்து தண்ணீர் சொட்டாக வரவில்லை, ஓடியது. விரல்கள் எல்லாம் ஊறிச் சுருங்கிப்போயிருந்தன. அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. சுவரில் சாய்ந்து நின்று, "ஒரு நிமிஷம் சார்" என்றார். அந்த ஒரு நிமிஷம் கொஞ்சம் நீண்டது.

இந்தத் துணி எங்கிருந்து வந்தது? இங்கே கொங்கு மண்டலத்துக்காரர்கள் இருந்தால் பெருமைப்படலாம். 2020 ஜனவரியில் இந்தியாவில் இப்படிப்பட்ட அங்கி தயாரிப்பு இல்லை என்றே சொல்லலாம். மே மாதத்தில் நாளொன்றுக்கு நாலரை லட்சம் தயாரித்தோம். பனியன் தைத்த திருப்பூர் கம்பெனிகள் தையல் மேல் ஒட்டும் டேப்புக்கும் அதை ஒட்டும் மிஷினுக்கும் அலைந்து திரிந்து தைத்துக் கொடுத்தார்கள். துணியைச் சோதித்துச் சான்று கொடுத்தது கோவையில் இருக்கும் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம், நாம் சிட்ரா என்று சொல்வோமே, அது. செயற்கை ரத்தத்தை அழுத்தத்தோடு துணி மேல் விட்டு, மறுபக்கம் கசிகிறதா என்று பார்த்தார்கள். நல்ல சோதனை, தேவையான சோதனை. நாலு மாதத்தில் ஒரு தொழிலையே எழுப்பியது சாதாரணக் காரியமும் இல்லை. ஆனால் அந்த அவசரத்தில் நாடு கேட்ட கேள்வி ரத்தம் உள்ளே போகிறதா என்பதுதான். வியர்வை வெளியே வருகிறதா என்ற கேள்வி பிறகு கேட்கலாம் என்று ஒதுங்கி நின்றது. அணிந்தவரின் உடம்பு அதற்கு விடை சொல்லிக்கொண்டிருந்தது.

உள்ளே போய்விட்டால் தண்ணீர் குடிக்க முடியாது, கழிவறைக்குப் போக முடியாது. போவதென்றால் உடையைக் கழற்ற வேண்டும். கழற்றினால் அது குப்பை, இன்னொரு கிட் வேண்டும். கிட் எண்ணிக் கொடுக்கிற காலம். அதனால் என்ன செய்தார்கள்? ஷிப்டுக்கு இரண்டு மணி நேரம் முன்பே தண்ணீரை நிறுத்தினார்கள். வியர்த்து ஊற்றப்போகிற உடம்புக்கு முன்கூட்டியே தாகம். பெரியவர்களுக்கான டயப்பர் கட்டிக்கொண்டு போனவர்கள் உண்டு. மாதவிலக்கைத் தள்ளிப்போட மாத்திரை போட்டுக்கொண்டவர்கள் உண்டு. சிறுநீர்க் கடுப்போடு அடுத்த வாரம் புறநோயாளியாக வரிசையில் நின்றவர்களும் உண்டு. நர்ஸ்களில் பெரும்பாலானவர்கள் பெண்கள் என்பது நமக்கு எப்போதும் தெரிந்த விஷயம். வூஹானில் தொடக்க வாரங்களில் மருத்துவப் பணியாளர்களுக்கு சானிட்டரி நாப்கின் கிடைக்காமல் தன்னார்வலர்கள் திரட்டி அனுப்ப வேண்டியிருந்தது. கொள்முதல் பட்டியலை எழுதியவர்களுக்கு அது நினைவுக்கு வரவில்லை.

அடுத்து கண்ணும் கையும். நோயாளிக்கு நேரடியாகப் பாதிப்பு வருவது இங்கேதான்.

மூச்சுக்காற்று மாஸ்க்கின் மேல் ஓரமாகக் கசிந்தால் கண்ணாடியில் பனி படியும். சோப்புத் தண்ணீர் தடவிக் காயவைப்பது, மூக்குக் கம்பியின் மேல் பிளாஸ்டர் ஒட்டுவது என்று ஆளுக்கொரு கைவைத்தியம் வைத்திருந்தோம். ஒரு மணி நேரம் தாங்கும். அதற்கு மேல் ஒரு ஓரத்தில் காசளவு தெளிவாக இருக்கும் இடத்தின் வழியாகத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். கையில் இரட்டை உறை. இந்த நிலையில், ஆக்சிஜன் குறைந்து, ரத்த அழுத்தம் இறங்கி, நரம்பெல்லாம் சுருங்கிப்போன ஒரு பெரியவருக்கு வென்ஃப்ளான், அதாவது நரம்பில் மருந்து ஏற்றும் ஊசி, போட வேண்டும். ஊசி குத்துவதில் தேர்ந்த நர்ஸ்கள் கண்ணால் நரம்பைத் தேடுவதில்லை, விரல் நுனியால் தொட்டுப் பார்ப்பார்கள். எங்கள் வார்டில் கைராசிக்காரர் என்று பெயர் எடுத்த ஒரு சிஸ்டர் அன்றைக்கு என்னைக் கூப்பிட்டுச் சொன்னது இதுதான்: "கண்ணுக்கும் தெரியல, கைக்கும் தட்டல சார்." நானும் முயன்றேன், எனக்கும் தட்டவில்லை. ஒரு கையுறையைக் கழற்றிவிடலாமா என்ற ஆசை அந்த நேரத்தில் வரும். வந்தது. கழற்றவில்லை. அல்ட்ராசவுண்ட் மிஷினைத் தள்ளிக்கொண்டு வந்து போட்டோம். அது எல்லா வார்டிலும் இருக்காது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஸ்டெதாஸ்கோப்பை மறந்துவிடலாம், காது தலையுறைக்குள் இருக்கிறது. இருநூறு வருடமாக டாக்டரின் அடையாளமாக இருந்த ஒரு கருவி சில மாதங்களுக்கு ஆணியில் தொங்கியது.

முகத்துக்கு வருவோம். ஹூபேய் மாகாணத்தில் 542 பணியாளர்களிடம் கேட்டபோது 97 சதவீதம் பேருக்குத் தோல் பாதிப்பு இருந்தது. மிக அதிகமாகப் பாதிக்கப்பட்ட இடம் மூக்குத் தண்டு. சிங்கப்பூரில் 158 பேரில் 128 பேருக்கு, அதாவது 81 சதவீதம் பேருக்கு, மாஸ்க்கும் கண்ணாடியும் அணியத் தொடங்கிய பிறகு புதிதாகத் தலைவலி வந்தது. நெற்றியையும் பொட்டையும் பின்மண்டையையும் பட்டைகள் மணிக்கணக்கில் அழுத்தினால் வேறென்ன ஆகும்? என்95 போட்டால் ஆக்சிஜன் குறைந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றியதே, அது வேறு கதை. விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டிப் பார்த்தவர்களுக்கு அந்த எண் அசையாமல் நிற்பது தெரியும். மூச்சு இழுப்பது கடினமாகிறது, நனைந்த மாஸ்க்கில் இன்னும் கடினமாகிறது, அது உண்மை. எனக்கு இதில் கோபம் வரும் இடம் வேறு. 2003 சார்ஸ் காலத்து சிங்கப்பூரிலேயே என்95 அணிந்தவர்களில் பாதிப் பேருக்கு முக அரிப்பும் ஐந்தில் மூவருக்கு முகப்பருவும் வந்ததை எழுதிவைத்துவிட்டார்கள், தலைவலியையும் எழுதிவைத்துவிட்டார்கள். பதினேழு வருடம் நேரம் இருந்தது.

அளவு என்று ஒன்று இருக்கிறது. என்95 என்றால் மிக நுண்ணிய துகள்களில் 95 சதவீதத்தையாவது வடிகட்டும். அது வடிகட்டித் துணியின் பெருமை. மாஸ்க்குக்கும் கன்னத்துக்கும் நடுவே ஒரு கோடு இடைவெளி இருந்தால் காற்று வடிகட்டி வழியாக ஏன் போகிறது? சந்து வழியாகத்தான் போகும். சுவாசக் கவசங்களின் அளவுக்கு அமெரிக்கர்கள் நெடுங்காலம் வைத்திருந்த அளவுகோல், 1967-68இல் அவர்களுடைய விமானப்படையினரின் முகங்களை அளந்ததிலிருந்து வந்தது. 2003இல் ஏறத்தாழ 4,000 பேரைப் புதிதாக அளந்த பிறகுதான் அதை மாற்றினார்கள். விமானப்படை வீரனின் தாடைக்கும், நாற்பத்தைந்து கிலோ எடையுள்ள நம் பயிற்சி நர்ஸின் தாடைக்கும் என்ன சம்பந்தம்? முழு அங்கியிலும் இதே கதைதான். குட்டையான பெண்கள் காலை மடித்து பிளாஸ்டர் சுற்றிக்கொண்டார்கள். உயரமான வார்டு பாய் குனிந்தால் கவட்டில் தையல் விட்டது.

மாஸ்க் முகத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு, தலைக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் கூடாரத்தைக் கவிழ்த்து, அதற்குள் சாக்கரின் கரைசலைப் புகை மாதிரித் தெளிப்பார்கள். தலையை ஆட்ட வேண்டும், குனிய வேண்டும், சத்தமாகப் பேச வேண்டும். நாக்கில் இனிப்புத் தெரிந்தால் மாஸ்க் கசிகிறது என்று அர்த்தம், வேறு அளவு எடுக்க வேண்டும். கால் மணி நேர வேலை. நான் பணியில் இருந்த இடத்தில் முதல் அலை முடியும்வரை யாருக்கும் இது நடக்கவில்லை. தாடி இருந்தாலும் கசியும். பணிக்காகத் தாடியை எடுத்தவர்கள் உண்டு. எடுக்கக்கூடாத சீக்கிய மருத்துவர்கள் தாடியை இறுக்கி மூடும் தாட்டா துணியைக் கட்டி அதன் மேல் மாஸ்க் போட்டு, சோதனையில் தேறியும் காட்டினார்கள். தேவை என்று வந்தால் வழி பிறக்கும். அளவு பார்க்க வேண்டும் என்ற தேவை பெண்கள் விஷயத்தில் மட்டும் ஏன் பிறக்கவில்லை?

சரி, இவ்வளவையும் தாங்கிக்கொண்டு ஆறு மணி நேரம், எட்டு மணி நேரம் ஓட்டிவிட்டார்கள். கடைசியில்தான் பெரிய ஆபத்து காத்திருக்கிறது, கழற்றும்போது. வெளிப்பக்கம் முழுக்கக் கிருமி. ஒவ்வொன்றையும் உள்பக்கம் வெளியே வரும்படி சுருட்டி எடுக்க வேண்டும், ஒவ்வொரு படிக்கும் கையைச் சுத்தம் செய்ய வேண்டும், மாஸ்க் கடைசியில். அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் நான்கு மருத்துவமனைகளின் பணியாளர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். கையுறையிலும் மேலங்கியிலும் புற ஊதா ஒளியில் மினுங்கும் களிம்பைத் தடவி, கழற்றச் சொல்லி, விளக்கை அடித்துப் பார்த்தார்கள். 435 தடவையில் 200 தடவை, அதாவது 46 சதவீதம், களிம்பு தோலிலோ சட்டையிலோ ஒட்டியிருந்தது. இது வெறும் ஒத்திகை. ஆறு மணி நேரம் வெந்து, தாகத்தில் நா வறண்டு, எப்போது கழற்றுவோம் என்று துடிக்கிறவருடைய கை எவ்வளவு நிதானமாக இருக்கும்?

2014இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலாவோடு போராடிய 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பு இதைத் தெரிந்துவைத்திருந்தது. மஞ்சள் உடையில் உள்ளே போனவர்களுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான். தனியாக யாரும் போகக்கூடாது, இருவர் இருவராகத்தான். வெளியே வரும்போது ஒருவர் எதிரில் நின்று, குளோரின் தெளித்தபடி, 'இப்போது கையுறை', 'இப்போது கண்ணாடி' என்று ஒவ்வொரு அசைவையும் சொல்லிக் கழற்ற வைப்பார். களைத்த ஆளின் புத்தியை நம்பாதே என்பதுதான் அந்த ஏற்பாட்டின் அடிப்படை. நம்மூரில் கண்ணாடி இல்லாத ஒரு சிறிய அறையில், சுவரில் ஒட்டிய படத்தைப் பார்த்து, தனியாகக் கழற்றினார்கள். கண்ணாடி என்றால் இங்கே நிலைக்கண்ணாடியைச் சொல்கிறேன்.

இன்னொன்றையும் சொன்னால் சிலருக்குப் பிடிக்காது. எபோலா உடையைக் கோவிட்டுக்குப் போட்டதே தேவையா? கோவிட்டுக்கு முழு அங்கி வேண்டியதில்லை, மேலங்கியும் கையுறையும் தகுந்த மாஸ்க்கும் கண் பாதுகாப்பும் போதும், இரட்டைக் கையுறையும் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 தொடக்கத்திலேயே சொல்லிவிட்டது. நாம் தலை முதல் கால்வரை போர்த்தினோம். பயம் ஒரு காரணம், அதைக் குறை சொல்ல மாட்டேன். டிவியில் பார்த்த படம் இன்னொரு காரணம். விண்வெளிக்குப் போகிறவர் மாதிரி நின்றால்தான் நிர்வாகம் அக்கறையோடு இருப்பதாகத் தெரிந்தது. கூடுதலாக மூடினால் கூடுதல் பாதுகாப்பு என்று நினைத்தோம். மூடியதெல்லாம் கழற்ற வேண்டியதும்தானே? கழற்றும் படி ஒன்று கூடினால் தவறும் ஒரு வாய்ப்பு கூடுகிறது.

முகம் மறைந்ததைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை, அனுபவித்த நோயாளிகள் உங்களிலேயே இருப்பீர்கள். எங்கள் வார்டில் ஒரு ஆயா எல்லோரையும் 'சிஸ்டர்' என்றே கூப்பிடுவார். நானும் சிஸ்டர்தான். முதுகில் மார்க்கர் பேனாவால் பெயரை எழுதிக்கொண்டோம், கண்ணாடி போடாத ஆயாவுக்கு அதில் என்ன பயன்? லைபீரியாவில் எபோலா சமயத்தில் மேரி பெத் ஹெஃபர்னன் என்ற அமெரிக்கக் கலைஞர் ஒரு காரியம் செய்தார். பணியாளர்கள் சிரித்தபடி இருக்கும் படங்களை எடுத்து, ஸ்டிக்கராக அச்சிட்டு, உடையின் மார்பில் ஒட்டவைத்தார். செலவு சில ரூபாய். 2020இல் அமெரிக்க மருத்துவமனைகளும் அதை எடுத்துக்கொண்டன.

உடையின் தரம் பதவிக்கு ஏற்றபடி இறங்கிக்கொண்டே போனதையும் சொல்லாமல் விட முடியாது. ஐசியூவில் டாக்டருக்கு நல்ல கிட். வார்டைக் கூட்டித் துடைத்த ஒப்பந்தத் தூய்மைப் பணியாளருக்குச் சில இடங்களில் துணி மாஸ்க்கும் சமையல் ஏப்ரனும். அதே காற்றைத்தான் அவரும் சுவாசித்தார், என்னைவிட அதிக நேரம் அந்த அறையில் இருந்தார். 108 ஆம்புலன்ஸில் பைலட் எனப்படும் ஓட்டுநரும் உதவியாளரும் வெயிலில் காய்ந்த வண்டிக்குள் அந்த உடையோடு படுக்கைக்காகக் காத்துக்கிடந்தது இரண்டாவது அலையில் நாம் எல்லோரும் பார்த்தது.

2020 மே 3ஆம் தேதி விமானப்படை ஹெலிகாப்டர்கள் மருத்துவமனைகள் மேல் பூ தூவின. எங்களில் பலர் மாடிக்குப் போய்க் கையசைத்தார்கள், மகிழ்ச்சியாகவே இருந்தது. அடுத்த மாதம் முதல் தேதி டெல்லி எய்ம்ஸ் நர்ஸ்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். அவர்கள் கேட்டவற்றில் முக்கியமானது, கோவிட் பகுதியில் பிபிஇயோடு வேலை நான்கு மணி நேரம் என்று வரையறுக்க வேண்டும் என்பது. பூவுக்கு உத்தரவு போட முடிந்த நாட்டில் நான்கு மணி நேரத்துக்குப் போராட வேண்டியிருந்தது. நியாயமாகச் சொன்னால், நிர்வாகத்தின் கஷ்டமும் எனக்குத் தெரியும். ஆறு மணியை நான்காகக் குறைத்தால் ஒரு நாளைக்கு நான்கு அணிக்குப் பதில் ஆறு அணி வேண்டும், கிட்டும் ஒன்றரை மடங்கு. அந்த ஆட்கள் எங்கே? அதனால்தான் சொல்கிறேன், இது உடைப் பிரச்சினையாகத் தெரிந்தாலும் ஆள் பற்றாக்குறைப் பிரச்சினை. நோய் வராத காலத்தில் நிரப்பாமல் விட்ட பணியிடங்களை, நோய் வந்த காலத்தில் இருக்கிறவர்களின் வியர்வையால் நிரப்பினோம். மும்பையில் ஒரு பொறியியல் மாணவர், டாக்டரான தன் அம்மாவுக்காக, இடுப்பில் கட்டி உடைக்குள் காற்றைச் செலுத்தும் கருவியைச் செய்தார். பாராட்ட வேண்டிய பிள்ளை. ஆனால் ஒவ்வொரு அம்மாவுக்கும் அப்படி ஒரு பிள்ளை இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

அடுத்த கொள்முதலுக்கு முன் செய்யக்கூடியவை என்று நான் நினைப்பவற்றைச் சொல்லிவிடுகிறேன். துணியைத் தேர்ந்தெடுக்கும் குழுவில், அதைப் போட்டு வேலை பார்த்த நர்ஸ் ஒருவரும் தூய்மைப் பணியாளர் ஒருவரும் உட்கார வேண்டும். மாதிரி உடையை மேசையில் வைத்துத் தடவிப் பார்த்துக் கையெழுத்துப் போடாமல், மே மாத மதியத்தில், ஏசி இல்லாத அறையில், யாராவது நான்கு மணி நேரம் போட்டுப் பார்க்க வேண்டும். முடிந்தால் கையெழுத்துப் போடுகிறவரே. கழற்றும் அறையில் பெரிய நிலைக்கண்ணாடியும், எதிரில் நின்று சொல்ல ஒரு ஆளும் வேண்டும். கழிவறைக்குப் போனவரிடம் இன்னொரு கிட்டுக்குக் கணக்குக் கேட்கக் கூடாது.

இந்தச் செவிலியர் கல்லூரி மாணவ மாணவியருக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். வெளியே வராண்டாவில் ஒரு மேசை போட்டிருக்கிறது. மூன்று அளவுகளில் என்95 மாஸ்க்கும், சொன்னேனே, அந்த சாக்கரின் கூடாரமும் இருக்கின்றன. போகும்போது ஒவ்வொருவரும் மாட்டிப் பாருங்கள். யாருக்கு எந்த அளவில் இனிப்புத் தெரிந்தது என்று அங்கே இருக்கும் நோட்டில் எழுதிவிட்டுப் போங்கள். கல்லூரி முதல்வர் அந்த நோட்டைக் கேட்டிருக்கிறார்.